கண் விழிக்காத மரம்

இந்த முதல் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தேன். நவம்பரில்தான் நிரப்புகிறேன்.

இது உங்கள் கையில் கிடைத்திருந்தால் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் வீட்டில் யாரிடமும் காட்டாதீர்கள். ஜெயக்கொடி டீச்சரிடம் காட்டாதீர்கள். தென்றல் நகர் சங்கத்து ஆட்களிடம் காட்டவே காட்டாதீர்கள். இது போன வருட அறிவியல் ரெக்கார்டு. முன்னால் நான் வரைந்த தவளை இருக்கும். தவளையைப் பார்த்துவிட்டு மூடி வைத்தால் உங்களுக்குக் கோடிப் புண்ணியம். முடியாவிட்டால் படித்துவிட்டு எரித்துவிடுங்கள். எனக்கு எரிக்கத் தைரியம் வரவில்லை. தீப்பெட்டி சமையலறையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்றிலிருந்து பார்க் எங்கள் பொறுப்பு. எங்கள் என்றால் நானும் ஃபர்ஹானாவும். பசுமைப் படையில் பெயர் கொடுக்கும்போது வகுப்பில் பாதிப் பேர் கை தூக்கினார்கள். விடியற்காலையில் வந்து கூட்டவும் தண்ணீர் ஊற்றவும் வேண்டும் என்று ஜெயக்கொடி டீச்சர் சொன்னதும் எல்லாக் கைகளும் இறங்கிவிட்டன. என் கை இறங்காததற்குக் காரணம், பார்க் எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஃபர்ஹானாவின் கை இறங்காததற்குக் காரணம், நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சங்கச் செயலாளர் என்பதால் பார்க் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். காலையில் திறந்து ஒன்பது மணிக்குப் பூட்ட வேண்டும், மறுபடி நாலு மணிக்குத் திறக்க வேண்டும். நடுவில் யாரும் உள்ளே போகக் கூடாது. சாவி ஒரு தடவை தொலைந்த பிறகு அம்மா என் சின்ன வயதுக் கொலுசை அதில் கோத்துவிட்டாள். எடுத்தால் சலங்சலங்கென்று வீடு முழுக்கக் கேட்கும்.

கேட்டை ஒட்டி நிற்கும் தூங்குமூஞ்சி மரம்தான் பார்க்கிலேயே பெரியது. சாயங்காலம் இலைகளை மடக்கிக்கொண்டு தூங்கும், காலையில் விரிக்கும். அதன் ஒரு கிளை கம்பி வேலியைத் தாண்டி ரோட்டோரம் வரை நீண்டிருக்கிறது. அதன் அடியில்தான் அஞ்சலை அக்கா இஸ்திரி வண்டி போட்டிருக்கிறார். கிளையில் தூளி கட்டி யாஷிகாவைப் போட்டுவிட்டுத் துணி தேய்ப்பார். யாஷிகாவுக்கு இன்னும் தவழத் தெரியாது. தூளிக்கு அம்மாதான் தன் மாம்பழக் கலர் சேலையைக் கொடுத்தாள்.

"ரெண்டு வேலைக்காரிங்க வந்துட்டாங்கடி உனக்கு" என்று அஞ்சலை அக்கா யாஷிகாவிடம் எங்களைக் காட்டினார்.

"சம்பளம் எவ்ளோக்கா?" என்றாள் ஃபர்ஹானா.

"அவ சிரிப்பா. வாங்கிக்க."

சிரிக்கவில்லை. தும்மினாள்.

இதை ஏன் ஒளிந்து எழுதுகிறேன் என்றால், கலை அக்காவின் டைரியை அப்பா ஒரு பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டார் முன்னால் உரக்கப் படித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அதற்குப் பிறகு எழுதவே இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த கலை அக்கா போன் செய்தாள். மறுபடி உண்டாகியிருக்கிறாளாம். மூன்று மாதம். அம்மா போனைக் காதில் வைத்தபடியே சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதற்கு முன் இரண்டு தடவையும் தங்கவில்லை. இரண்டாவது தடவை அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பையோடு வந்தாள். அதில் அவள் பின்னி வைத்திருந்த குட்டி சாக்ஸ் இருந்தது. பையை எங்கே வைத்தாள் என்று இன்றுவரை தெரியாது.

பார்க்கில் இலை கூட்டினோம். குழியில் போட்டோம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வாஸ்து பார்க்கிறவர் வந்தார். அம்மாதான் வரவழைத்தாள். கையில் திசைகாட்டியோடு வீட்டைச் சுற்றிவிட்டு வாசலில் நின்று எதிரே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தலைவாசலுக்கு நேரா இவ்ளோ பெரிய மரம். வம்சம் எப்படிம்மா உள்ள வரும்? வழிய மறிச்சுக்கிட்டு நிக்குதே."

அப்பா சிரித்தார். "அதுக்கென்னங்க, வம்சத்தப் பின்வாசல் வழியா வரச் சொல்லுவோம்."

அம்மா சிரிக்கவில்லை. "என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

"மரம் இருக்கக் கூடாது. கொழந்த பொறக்கறதுக்குள்ள."

அவர் போன பிறகு அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள். பார்க் மரத்தை வெட்ட அனுமதி கிடைக்காது, செயலாளரே கேட்டால் ஊர் சிரிக்கும் என்று அப்பா சொன்னார். அம்மா மறுபடி கேட்டதும் அப்பா உள்ளங்கையால் மேஜையை அறைந்தார். டம்ளர் விழுந்தது. நான் துடைத்தேன்.

செப்டம்பர் 1

இன்றும் ரசத்தில் பெருங்காயம் இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை.

காலையில் போனபோது மரத்தின் ஒரு பக்கம் விழிக்கவில்லை. எங்கள் வீட்டைப் பார்த்த பக்கத்தில் இலைகளெல்லாம் மடங்கியே இருந்தன. வெயில் ஏறியும் விரியவில்லை.

"ஞாயித்துக்கெழம. லீவு போட்டுருக்கு" என்றாள் ஃபர்ஹானா.

தண்ணீர் ஊற்றக் குனிந்தபோது அடிமரத்தில், வேர் கிளம்பும் இடத்தில், ஈர மண் அப்பியிருந்ததைப் பார்த்தேன். குளவிக் கூடு என்று நினைத்துக் குச்சியால் நோண்டினேன். மண் உதிர்ந்தது. உள்ளே என் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஒரு துளை. துளைக்குள் பிசினைப் போல ஏதோ அடைத்திருந்தது. மோந்து பார்த்தேன்.

எங்கள் வீட்டுச் சமையலறை வாசனை.

ஃபர்ஹானாவும் மோந்தாள். அவள் முகம் மாறியது. "ஏய். எங்க காலித் மாமா மரவாடியில சொல்லுவாரு. மரத்த வெட்டாம கொல்லணும்னா ஓட்ட போட்டுப் பெருங்காயத்த அடப்பாங்களாம். மேல ஆசிட்ட ஊத்துவாங்களாம். தானா பட்டுப்போயிடுமாம்." பிறகு மரத்தைச் சுற்றி வந்தாள். "இங்க இன்னொண்ணு. இங்க பாரு, இன்னொண்ணு. எவனோ கொல்றான்டி."

டீச்சரிடம் சொல்லலாம் என்றாள். நான் அவள் கையை என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்டாள். பயமாக இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

செப்டம்பர் 10

தூக்கம் வரவில்லை. ஒன்று தோன்றிவிட்டது. தினமும் காலையில் அந்த மரத்தடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறேனே, அந்தத் தண்ணீரோடுதானே அது உள்ளே இறங்கும்?

நாளையிலிருந்து ஊற்ற மாட்டேன். ஊற்றுவது போலக் குடத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பருத்திக்கு ஊற்றிவிடுவேன்.

செப்டம்பர் 14, சனி

அப்பா ஒயரிங் வேலை எடுத்துச் செய்கிறவர். சார்ஜ் போட்டு எடுத்துப்போகும் ட்ரில்லிங் மிஷின் மாடிப்படிக்குக் கீழே பெட்டியில் இருக்கும். அதில் எப்போதும் சிமெண்ட் தூள் வெள்ளையாக ஒட்டியிருக்கும். அந்தப் பெட்டியைத் துடைப்பது சனிக்கிழமை வேலைகளில் ஒன்று, என் வேலை.

இன்று தூள் வெள்ளையாக இல்லை. பழுப்பாக, சுருள் சுருளாக இருந்தது.

துடைத்துவிட்டேன். நன்றாகத் துடைத்தேன். துணியை அலசி அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினேன்.

அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். சங்கத்தில் பெயர் கெடாமல் காரியத்தை முடிக்கப் பார்க்கிறார். சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "பார்க் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலையில் அப்பா கத்தியதில் தெருவே எழுந்துவிட்டது.

"யாருடி என் மிஷின எடுத்தது? நேத்து ஃபுல்லா சார்ஜ் போட்டு வெச்சேன். சுத்தமா எறங்கிக் கெடக்கு! சைட்ல போய் நின்னா மானம் போகுது!"

அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "பழைய மிஷினு. சார்ஜ் நிக்காது. புதுசு வாங்குங்க" என்றாள்.

தோசை கருகியது. அம்மா தோசையைக் கருக விட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு எதுவும் புரியவில்லை. புரியவில்லை என்றே எழுதுகிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

காய்ச்சல். மதியத்துக்கு முன்பே பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பின்வாசல் வழியாக வந்து என் அறையில் படுத்துவிட்டேன். அம்மாவுக்கு நான் வந்தது தெரியாது. அப்பா நெல்லிக்குப்பத்தில் வேலைக்குப் போயிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சாவிக் கொலுசு சலங்கென்றது. உடனே சத்தம் நின்றது. யாரோ அதைக் கைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டது போல.

ஜன்னலுக்குப் போனேன். பார்த்தேன்.

எழுத மாட்டேன்.

மாலையில் செய்தவை: மாத்திரை போட்டேன். கஞ்சி குடித்தேன். அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், அவள் உள்ளங்கையில் கொப்புளம் இருந்தது. தோசைக்கல் சுட்டுவிட்டது என்றாள். நான் கேட்கவே இல்லை.

அக்டோபர் 12, சனி

நேற்று ஆயுத பூஜை. ட்ரில்லிங் மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அப்பா அதற்குத் தேங்காய் உடைத்தார். கற்பூரம் காட்டும்போது அம்மா மிஷினைப் பார்க்கவே இல்லை.

இன்று காலை பார்க்கில், மரத்தின் அந்த மண் அப்பிய இடங்களில் ஒவ்வொன்றின் மேலும் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. நடுவில் ஒரு சாமந்திப் பூ.

மன்னிப்புக் கேட்டது போல இருந்தது. அழிக்கப் போனேன். அதற்குள் பூக்கார பவுனம்மா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தொடாதடி! யார் வெச்சது இது?" என்று கூவினார். தெரியாது என்றேன். "தானா வந்துச்சா?" என்று கேட்டார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டார்.

(இது நவம்பரில் சேர்த்தது: தெரியும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால்.)

அக்டோபர் 20, ஞாயிறு

மரத்துக்கு மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். வேப்பிலை, அகல் விளக்கு, எலுமிச்சை. வாக்கிங் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றுகிறார்கள். துளையிலிருந்து கறுப்பாக ஏதோ வடிகிறது. அம்மன் கண்ணீர் என்கிறார்கள். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

"டேய் மண்டு, அது ஆசிட்டு!" என்று ஃபர்ஹானா ஒரு சின்னப் பையனைப் பிடித்து இழுத்துவிட்டாள். பவுனம்மா அவளை, "உங்க சாமியப் பத்தி நாங்க பேசறமா?" என்று கேட்டார். ஃபர்ஹானா தெருமுனையில் நின்று, "சத்தியத்த நீயே திருப்பி எடுத்துக்க. என்னால முடியல" என்றாள். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மரத்தில் இப்போது பாதிக்கு மேல் இலை இல்லை. யாஷிகாவின் தூளி தொங்குகிற கிளை மொட்டையாகிவிட்டது.

அக்டோபர் 25

இன்று எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சங்கத் தலைவர் வரதன் சார் ஆள் சொல்லியிருந்தார். மழைக்கு முன்னால் பட்ட கிளைகளை வெட்ட ஏணி, ரம்பம், கயிறோடு வண்டி வந்தது. நான் ஸ்கூல் யூனிஃபார்மோடு ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவிட்டேன். முருகா, வெட்டட்டும், வெட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பவுனம்மாவும் இன்னும் சில பெண்களும் மரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"அம்மன் எறங்கின மரத்துல ரம்பத்த வெச்சா கை வெளங்குமா ஒனக்கு?"

ரம்பக்காரர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். "எனக்கும் புள்ளகுட்டி இருக்குங்கய்யா" என்று வரதன் சாரிடம் சொன்னார். வண்டி போய்விட்டது.

எங்கள் வீட்டு வாசலில் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவ்வளவு வெளுத்து நான் பார்த்ததில்லை. வெட்டியிருந்தால் அவளும் பிழைத்திருப்பாள். இந்த வரியை அடிக்க வேண்டும். நாளைக்கு அடிக்கிறேன்.

நவம்பர் 3, ஞாயிறு

அஞ்சலை அக்காவிடம் போனேன். நேற்றெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"அக்கா, அந்தக் கிளையில கம்பளிப்பூச்சியா இருக்கு. பாப்பாவ வேற எடத்துல கட்டுங்க."

அவர் நிமிர்ந்து கிளையைப் பார்த்தார். "எல ஒண்ணுகூட இல்ல. பூச்சி எத்தத் தின்னும் கண்ணு?"

"வெயில் அடிக்குதே."

"மேல ஒரு துணியப் போட்டா ஆச்சு. வேற எங்க கட்டச் சொல்ற? கரண்டு கம்பத்துல கட்டினா மழ நாளு, ஷாக் அடிக்கும். வேலி துருப்புடிச்சுக் கெடக்கு. அதவிடு, இப்போ இது சும்மா கெளயா? அம்மன் கையி. எம் பொண்ணு அம்மன் கையில தூங்குறா." அவர் சிரித்தார். இஸ்திரிப் பெட்டிச் சாம்பலை வழக்கம்போல மரத்தடியில் தட்டினார்.

நான் திரும்பி வரும்போது எங்கள் வீட்டுக் கேட்டில் அம்மா. தேய்க்க வேண்டிய துணி மூட்டையோடு ரோட்டைத் தாண்டி வந்தாள். என்னைத் தாண்டிப் போய் அஞ்சலை அக்காவிடம் சொன்னதைக் கேட்டேன்.

"அஞ்சல, புள்ளைய அங்க கட்டாதடி. காத்து மழன்னு வருது."

"இந்தக் கண்ணும் அதேதான் சொல்லுது. என்னக்கா ரெண்டு பேரும்?" அஞ்சலை அக்கா மூட்டையை வாங்கிக்கொண்டார். "அம்மன் பாத்துக்கும்க்கா. ஒங்க கலைக்கும் அதுதான் காப்பாத்திக் குடுக்கப்போவுது. நான் வேண்டிக்கிட்டிருக்கேன்."

அம்மா திரும்பும்போது என் கண்ணைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

நவம்பர் 6

கலை அக்கா வந்துவிட்டாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. "கை வெச்சுப் பாரு, ஒதைக்குது" என்றாள். வைத்தேன். உதைத்தது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் நின்று எதிரே பார்த்து, "ஐயோ, மரம் ஏன்டி இப்படி ஆயிடுச்சு?" என்றாள். அம்மா சட்டென்று உள்ளேயிருந்து, "வெளிய நிக்காத, காத்து கருப்பு" என்று கூப்பிட்டாள்.

நவம்பர் 13, புதன்

வளைகாப்பு. ஏழு வகைச் சாதம். புளியோதரையில் பெருங்காயம் மணத்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

அஞ்சலை அக்காவும் வந்திருந்தார், யாஷிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு. அம்மா அவரை உட்கார வைத்து முதலில் வளையல் போடச் சொன்னாள். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அம்மா கவலைப்படவில்லை. பிறகு யாஷிகாவைக் கையில் வாங்கி, அவள் தலையை மோந்து, விடவே இல்லை. "குடுங்கக்கா, அழப்போறா" என்று அஞ்சலை அக்கா கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாக அப்பா சொன்னார்.

நவம்பர் 15, வெள்ளி

கரண்ட் இல்லை. மெழுகுவத்தியில் எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாகப் போகிறது.

பள்ளி விடுமுறை. காலையிலிருந்தே விட்டு விட்டு மழை. இந்த மழையில் வர மாட்டார் என்று நினைத்தேன். மத்தியானம் கொஞ்சம் வெறித்ததும் அஞ்சலை அக்கா வந்துவிட்டார். கல்யாண வீட்டுத் துணியாம், சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டுமாம். வண்டிக்கு மேலே தார்ப்பாய் கட்டினார். கிளையில் தூளி கட்டினார்.

ஜன்னலில் நின்று பார்த்தேன். காற்று அடிக்கும்போது தூளி தானாக ஆடியது. மரம் ஒரு சத்தம் போட்டது. கதவு திறக்கிற மாதிரி. வேறு யாருக்கும் கேட்கவில்லையா என்று தெருவைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு டிவியில் புயல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

போய்ச் சொல்லலாம். என்ன சொல்வேன்? மரம் விழும். எப்படித் தெரியும்? உள்ளே துளை இருக்கிறது. யார் போட்டது? இந்தக் கேள்விக்கு வந்ததும் என் கால் நின்றுவிடும். இரண்டு மாதமாக இதே இடத்தில்தான் நிற்கிறது.

யாஷிகா பாலுக்கு அழுதாள். அஞ்சலை அக்கா அவளை எடுத்துக்கொண்டு, சுவர் மறைவில் உட்கார்ந்து பால் கொடுக்கப் போனார். தூளி காலியாகத் தொங்கியது.

நான் எப்படி ரோட்டைத் தாண்டினேன் என்று தெரியாது. முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். மேலே மரம் மறுபடி சத்தம் போட்டது. சேலையைச் சுருட்டி ரெயின்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். திருடி. நான் திருடி.

அஞ்சலை அக்கா திரும்பி வந்து பார்த்துவிட்டு நடு ரோட்டில் நின்று கத்தினார். "கொழந்தத் தூளியத் திருடறவன் நல்லாயிருப்பானா! அவன் வீடு வெளங்குமா! அவன் வீட்ல ஒரு தூளி ஆடுமா!"

எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே நின்றுதான் கத்தினார். உள்ளே கலை அக்கா கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தூளி இல்லாமல் குழந்தையை எங்கே போடுவார்? துணிகளை அப்படியே மூடிவிட்டு, யாஷிகாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

காற்று அதற்குப் பிறகுதான் பெரிதாக வந்தது. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. முதலில் மஞ்சள் துணி பறந்தது. பிறகு அந்தக் கிளை. மெதுவாக, யாரோ கையை இறக்குவது போல இறங்கியது. இஸ்திரி வண்டியின் மேல் விழுந்தது. வண்டி இருந்த இடத்தில் நெளிந்த சக்கரம் மட்டும் தெரிந்தது. அப்பளம் நொறுங்கின மாதிரி ஆகிவிட்டது. தூளி கட்டியிருந்த இடம் தரையில் புதைந்துவிட்டது.

எல்லோரும் ஓடினார்கள். அஞ்சலை அக்காவுக்கும் ஆள் போனது. அவர் வந்து, நெளிந்த இரும்பைப் பார்த்து, யாஷிகாவை இறுக்கிக்கொண்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "திருடன் நல்லாயிருக்கணும், திருடன் நல்லாயிருக்கணும்" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார்.

நான் இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன்.

பவுனம்மாதான் ஆரம்பித்தது. தினமும் நெருப்புச் சாம்பலை அம்மன் காலடியில் கொட்டினால் அம்மன் சும்மா இருக்குமா என்று கேட்டார். இன்னொருவர், "ஆமா, சூடு பட்டுத்தான் மரமே செத்துச்சு" என்றார். வரதன் சாரும் தலையாட்டினார். நாளைக் காலை சங்கத்தில் கூடிப் பேசுவார்களாம். அஞ்சலை அக்கா இனி இந்த நகர் பக்கமே வரக் கூடாதாம், அதற்குக் கையெழுத்து வாங்கப் போகிறார்களாம். வண்டியும் இல்லை, இடமும் இல்லை. "நான் என்னங்க பண்ணேன், நான் சாம்பல்தான கொட்டினேன்" என்று அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டார். என் முகத்தையும் பார்த்தார்.

அப்பா மட்டும் டார்ச் அடித்து அடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண் எல்லாம் மழையில் கரைந்து துளைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றுக்குள் விரலை விட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். துளையின் அளவை இன்னொரு முறை பார்த்தார். மிஷினில் எந்த பிட் போட்டால் அந்த அளவு வரும் என்று அவருக்குத்தானே தெரியும்.

வீட்டுக்கு வந்து நேராகச் சமையலறைக்குப் போனார். டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் கேட்டது. கத்துவார் என்று நான் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டேன். கத்தவில்லை. அறையக்கூட இல்லை. "நாளைக்குக் கூட்டத்துல செயலாளர் நான்தான் பேசணும்" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். பிறகு, மிகவும் மெல்ல, "என்ன பேசணும்னு நீயே சொல்லு" என்றார்.

அம்மாவின் வளையல் சத்தம் சாமி அறைப் பக்கம் போனது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஹாலில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. எழுந்த சத்தம் கேட்கவில்லை. கலை அக்கா தூங்கிவிட்டாள், அவளுக்கு எதுவும் தெரியாது. சேலை என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. ஈரம் இன்னும் காயவில்லை. பால் வாசனை வருகிறது.

நான் முடிவு செய்துவிட்டேன். காலையில் கூட்டத்தில் நானே சொல்லப்போகிறேன். தண்ணீர் ஊற்றியது நான், கேட்டைத் திறந்து பூட்டியது நான், முதலில் பார்த்தது நான். சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, இங்கே ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை எழுதாததை.

அந்த மரத்தில் துளை போட்டது என்

கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பா இல்லை. அப்பா என்றால் கதவை அறைவார். இது இரண்டு தட்டு, விரல் மடக்கி. வளையல் சத்தம்.

"எழிலு. கதவிடுக்குல வெளிச்சம் தெரியுது. நீ முழிச்சுதான் இருக்க."

மெழுகுவத்தியை ஊதலாமா வேண்டாமா என்று

"அந்தச் சேலைய எடுத்துக்கிட்டு வா. அஞ்சல வீட்டுக்குப் போகணும், விடியறதுக்கு முன்னால. உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன். கொடையும் எடுத்துக்க." நெற்றியைச் சாய்த்துக்கொண்டது போலக் கதவு கிறீச்சிட்டது. "எனக்குத் தனியாப் போக பயமா இருக்குடி."

நான்